மாப்பிள்ளையின் நோர்வேப் பூட்டன்

ஐயர் ஒரு படிவம் அனுப்பியிருந்தார். லண்டனில் எல்லாவற்றுக்கும் படிவம்; கவுன்சிலைப் பார்த்துப் பார்த்து ஐயரும் கெட்டுப்போனார். வட்ஸ்அப்பில் வந்த அந்த ஒற்றைத் தாளில் பெண்வீடு, மாப்பிள்ளைவீடு என்று இரண்டு பக்கம், ஒவ்வொன்றிலும் தகப்பன், பாட்டன், பூட்டன் என்று மும்மூன்று கட்டம். கன்னிகாதானத்தின்போது இன்னாருடைய பூட்டப்பிள்ளை, இன்னாருடைய பேரப்பிள்ளை, இன்னாருடைய மகன் என்று இந்தப் பெயர்களைச் சமஸ்கிருதத்தில் மூன்று தரம் சொல்லித்தான் பெண்ணைக் கொடுக்க வேண்டும். மண்டபத்தில் அது ஒருவருக்கும் விளங்காது. விளங்காவிட்டாலும் அதில் ஒரு சொல்லைக் குறைக்க யாரும் விடமாட்டார்கள்.

என் மகள் கட்டப்போவது ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையை. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல பிள்ளை. சோற்றைக் கையால் குழைத்துச் சாப்பிடும். என் மனுசன் இருபது வருஷமாகச் சொல்லிவரும் ஒரே பகிடிக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகச் சிரிக்கும். குறை அந்தப் படிவத்தில்தான் இருந்தது. தகப்பன் பெயர் இருக்கிறது, பாட்டன் பெயர் இருக்கிறது, பூட்டனுக்கு உரிய கட்டம் வெறுமையாகக் கிடந்தது. (பெயர்களை என்னிடம் கேட்கவேண்டாம். இதை எழுதப்போகிறேன் என்றதும் மகள் போட்ட முதல் தடை அதுதான்.)

மாப்பிள்ளையின் தகப்பனார், அதாவது என் சம்பந்தி, எழுபது தாண்டியவர். மனைவி போய்விட்டார். ரொதர்ஹைத்தில் தனியாக இருக்கிறார். உழைத்த காலமெல்லாம் லிப்ட் திருத்தினவர், அதனாலோ என்னவோ எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் லிப்டின் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். அவருடைய தகப்பன் நோர்வேயிலிருந்து மரம் ஏற்றிவந்த கப்பலில் மாலுமியாக வந்து, லண்டன் துறைமுகத்தில் இறங்கி, அப்படியே நின்றுவிட்டவர். காலம் பிந்திக் கல்யாணம் கட்டி, மகனுக்கு நாலு வயதாகும்போது செத்தும் போனார். அந்த மாலுமியின் தகப்பன் யாரென்று சொல்ல உலகத்தில் ஒரு ஆள் இல்லை. மாலுமியின் கல்யாணச் சான்றிதழில் தகப்பன் பெயர் எழுதவேண்டிய இடத்தில் ஒரு கோடு கிழித்திருந்தது. எழுதினவனுக்குப் பஞ்சி, எழுத அலுப்பு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

விஷயம் கிங்ஸ்பரியில் இருக்கும் என் மச்சாளுக்குப் போயிற்று. மச்சாள் என்றால் என் மனுசனுடைய அக்கா. ஒரே மகனுக்கு ஒரு டொக்டர் குடும்பத்தில் பெண் எடுத்த நாளிலிருந்து தரையில் கால் படாமல் நடப்பவள். அவள் போனில் ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

"வெள்ளைக்காரருக்கு ஏதடி பூட்டன்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன்னுடைய மருமகளுக்கு மூன்று தலைமுறை என்றால் என்னுடைய மருமகனுக்கு முப்பது தலைமுறை கொண்டுவந்து காட்டுகிறேன் பார், என்று போனை வைத்த பிறகு சொன்னேன். வைப்பதற்கு முன் சொல்லத் தைரியம் வரவில்லை.

அப்போது நான் பள்ளிக்கூடக் கன்டீன் வேலையை விட்டு ஓய்வில் இருந்தேன். ரெய்னர்ஸ் லேன் வீட்டில் பகல் முழுக்கக் கம்ப்யூட்டரும் நானும்தான். நோர்வேக்காரர் தங்கள் பழைய தேவாலயப் புத்தகங்களையும் குடிக்கணக்குகளையும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து இன்டர்நெட்டில் போட்டிருக்கிறார்கள். யாரும் பார்க்கலாம். ஞானஸ்நானம், கல்யாணம், சாவு, யார் எந்த வருஷம் அம்மை வராமல் அம்மைப்பால் கட்டினார்கள் என்பதுகூட அதில் இருக்கிறது. எழுத்தைத்தான் வாசிக்க முடியாது. எழுதின பாதிரியாருக்குப் பேனையும் ஆகாது, மையும் ஆகாது, ஊர்ச்சனமும் ஆகாது போல.

என் தம்பி நோர்வேயில் இருக்கிறான். முப்பது வருஷத்துக்கு மேல். முதலில் வடக்கே ஒரு மூலையில் மீன் ஃபக்டரியில் வேலை, இப்போது ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறான். அவனுக்கு ஒரு பக்கத்தை அனுப்பி வாசித்துச் சொல் என்றேன். "அக்கா, நான் இஞ்ச வந்தது மீன் வெட்ட. செத்த பாதிரியாற்ற கையெழுத்து வாசிக்க இல்லை" என்று பதில் வந்தது. பிறகு நான் அழுதேன். அழுதால் அவன் எல்லாம் செய்வான், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

தம்பிதான் நோர்வேக்காரருடைய பெயர்ச் சங்கதியை எனக்கு விளக்கினான். அந்தக் காலத்தில் அவர்களுக்கும் நிலையான குடும்பப்பெயர் கிடையாதாம். தகப்பன் பெயரை எடுத்து இன்னாரின் மகன் என்று போடுவார்களாம். அதற்குப் பின்னால் குடியிருக்கும் வளவின், அதாவது வீடும் காணியுமான இடத்தின் பெயர். வளவு மாறினால் பெயரும் மாறும். ஒருவன் பெண் எடுத்து மாமனாருடைய வளவுக்குப் போனால் அந்த வளவின் பெயர் அவனுக்கு ஒட்டிக்கொள்ளும். இதைக் கேட்டதும் எனக்கு நோர்வே முழுக்கச் சொந்தமாகப் பட்டது. என் அப்பா நொத்தாரிசிடம் காணி உறுதிப் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தவர். ஒவ்வொரு காணித்துண்டுக்கும் ஒரு பெயர், வடக்கெல்லை யாருடையது, தெற்கெல்லை யாருடையது, யாருக்குச் சீதனமாய்ப் போனது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். ஆளைத் தெரியாவிட்டாலும் காணியைப் பிடித்தால் ஆளைப் பிடிக்கலாம் என்பது எங்கள் வீட்டு வேதம்.

மாப்பிள்ளையின் குடும்பப்பெயரே ஒரு வளவின் பெயர்தான் என்று தம்பி சொன்னான். மாலுமியின் பழைய கப்பல் கடதாசியில் பிறந்த ஊரும் இருந்தது. பிறகென்ன, பிடித்துவிட்டேன். குடிக்கணக்கில் அந்த வளவு வீட்டுக்காரரைத் திறந்தால், வீட்டுத் தலைவர், அவர் மனைவி, நாலு பிள்ளைகள், ஒரு வேலைக்காரப் பெண், அதற்கும் கீழே கடைசி வரியில் ஐந்து வயதுப் பொடியன். எங்கள் மாலுமியின் பெயர், அந்த வருஷம் எங்கள் மாலுமிக்கு இருந்திருக்கவேண்டிய வயது. பிள்ளைகளோடு எழுத மறந்துபோய் அடியில் சேர்த்திருக்கிறார்கள் என்று நானே தீர்ப்புக் கொடுத்தேன். தம்பியிடம் ஒரு கேள்விதான் கேட்டேன், அந்த வளவில் இந்தப் பொடியன் இருக்கிறானா என்று. ஓம் அக்கா, இருக்கிறான் என்றான்.

பூட்டன் கிடைத்துவிட்டார். வீட்டுத் தலைவர்! அதோடு விட்டேனா? அந்த ஊர்க்காரர் ஒவ்வொரு வளவுக்கும் யார் யார் சொந்தக்காரர் என்று புத்தகமே போட்டிருக்கிறார்கள். தம்பி அதை லைப்ரரியில் எடுத்துப் படம் பிடித்து அனுப்பினான். பூட்டனுக்குத் தகப்பன், அவருக்குத் தகப்பன், இடையில் ஒரு மருமகன், அவருக்கு மாமனார் என்று பன்னிரண்டு தலைமுறை போயிற்று. முப்பது இல்லைத்தான். ஆனால் மச்சாளுக்குப் பன்னிரண்டு போதும்.

சம்பந்தியிடம் போனில் சொன்னேன். அடுத்த ஞாயிறு ஜூபிலி லைன் ரயிலில் ஏறி, வெம்ப்ளி பார்க்கில் மாறி, எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். சமையலறை மேசையில் என் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பெயர்களைக் கொப்பியில் எழுதிக்கொள்வார். போனில் நோர்வே மொழி படிக்கத் தொடங்கினார். ஆடிமாத வெயிலில் நோர்வேக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அந்த வளவின் சிவப்பு மரவீட்டுப் படத்தைக் காட்டியபோது, கூரை பழுதாயிருக்கிறது, போய்ப் பார்க்கவேண்டும் என்றார். நான் மச்சாளுக்குப் போன் எடுத்து, அவை நிலபுலம் உள்ள ஆக்கள், சம்பந்தி நடக்கிற நடையிலேயே தெரியுது என்றேன். சம்பந்திக்கு முழங்கால் வாதம். அதனால்தான் அந்த நடை.

ஒரு ஞாயிறு பாத்திரம் கழுவிக்கொண்டே அவர் எனக்கு முதுகைக் காட்டியபடி சொன்னார், பள்ளிக்கூடத்தில் குடும்பமரம் வரையச் சொன்ன நாளில் தான் ஒரு கம்பத்தைத்தான் வரைந்ததாக. கொப்பு இல்லையாம், வேரும் இல்லையாம். வாத்தியார் அதை வெளிச்சக் கம்பம் என்று சொல்லிச் சிரித்தாராம். எனக்கு அந்த வாத்தியாரைப் பிடித்து நாலு கேள்வி கேட்கவேண்டும் போல இருந்தது. அவர் செத்து எத்தனை வருஷமோ. வேறு வழியில்லாமல் சவுத்தாலில் ஒரு கடையில் சொல்லிப் பன்னிரண்டு தலைமுறையையும் எட்டடிப் பேனராக அடித்தேன், மண்டப வாசலில் கட்டுவதற்கு.

இதற்குள் எங்கள் பக்கத்துக் கட்டங்களை நிரப்பச் சொல்லி ஐயர் கரைச்சல் கொடுத்தார். மகளுக்குப் பூட்டன் என்றால் என் மனுசனுக்குப் பாட்டன்; அவரிடம் உங்களுடைய பாட்டன் பெயர் என்ன என்று கேட்டேன். அவர் கிரிக்கெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், தெரியாது என்றார். மச்சாளுக்குப் போன் போட்டேன். அவளுக்கும் தெரியாது. அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. ஐயரிடம் சொன்னால் அவர் அசையவே இல்லை, தெரியாவிட்டால் ஒரு சாமியின் பெயரைப் போடுங்கள், பாதிச் சனம் அப்படித்தான் என்றார். முருகன் பெயர் ஒன்றைப் போட்டோம். என் மனுசன் அன்றைக்கு முழுக்க முருகனுக்குப் பேரப்பிள்ளையாகத் திரிந்தார்.

நான் அதோடு நின்றிருக்கலாம். ஆனால் சொந்தக்காரர் என்றால் கல்யாணத்துக்குச் சொல்லாமல் விடலாமா? அந்தச் சிவப்பு வீட்டில் இப்போது இருப்பவர்கள் பூட்டனுடைய வழிதானே? சொல்லாமல் விட்டால் நாளைக்கு ஒரு சபையில் குறை சொல்லமாட்டார்களா? தம்பியைப் பிடித்து விலாசம் எடுத்து, பிள்ளையார் படம் போட்ட அழைப்பிதழை, தேங்காய்ப்பூப் போட்ட பலகாரப் பெட்டியோடு அனுப்பினேன். கூடவே ஒரு கடிதம், நீங்கள் மாப்பிள்ளைக்குப் பெரியப்பா முறை, வந்து சபையில் நிற்கவேண்டும் என்று. மகள் அதைக் கேட்டுத் தலையில் கைவைத்தாள்.

கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது ஈமெயில் வந்தது. அந்த வீட்டு அம்மாள் எழுதியிருந்தார். பலகாரம் மிக நன்றாயிருந்தது. அழைத்ததற்கு நன்றி. ஆனால் நாங்கள் உறவு இல்லை. அந்தப் பையன் எங்கள் பாட்டனாரின் பிள்ளை அல்ல, எங்கள் வீட்டில் மாடு பார்த்த வேலைக்காரப் பெண்ணின் பிள்ளை. தேவாலயப் புத்தகத்தின் பக்கத்தை இணைத்திருக்கிறேன்.

திறந்தேன். குழந்தையின் பெயர். தாயின் பெயர், வயது பத்தொன்பது. கல்யாணம் இல்லாமல் பிறந்தது என்று ஒரு குறிப்பு. தகப்பன் பெயருக்கு நேரே வெறும் கோடு. இந்தப் பாதிரியார் கோடு கிழிக்கும்போது மட்டும் கை நடுங்காமல் நேராகக் கிழித்திருந்தார்.

தம்பிமேல் பாய்ந்தேன். அவன் அவசரமே இல்லாமல் ஆறுதலாகச் சொன்னான், "வளவில பொடியன் இருக்கிறானோ எண்டுதான் நீ கேட்டனி. இருந்தான். ஆரின்ர பொடியன் எண்டு நீ கேக்கேல்லையே, அக்கா." நான் தேடினது காணியின் உறுதியை. மனிசரைத் தேடவில்லை. யாழ்ப்பாணத்தாளுக்கு ஒரு வளவைக் காட்டினால் அதில் மாடு பார்த்தவள் கண்ணுக்குத் தெரியமாட்டாள்.

ஈமெயிலை மூன்று நாள் மறைத்து வைத்தேன். யாருக்குத் தெரியப்போகிறது? ஐயர் வீட்டுத் தலைவரின் பெயரைச் சொல்லுவார், சம்பந்தி சந்தோஷமாகக் கேட்பார், பேனர் தொங்கும், மச்சாள் வாயை மூடுவாள். எல்லாருக்கும் நல்லது. ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வந்தார், கையில் ஒரு கண்ணாடிச் சட்டம். அந்தச் சிவப்பு வீட்டைப் பிரேம் போட்டு எங்களுக்கு ஒன்று, தனக்கு ஒன்று கொண்டுவந்திருந்தார். எங்கே மாட்டலாம் என்று சுவரைத் தட்டிப் பார்த்தார். அதற்கு மேல் என்னால் ஏலவில்லை. உட்காருங்கோ என்றேன். சொன்னேன். சொல்லும்போது அழுதேன். இந்த முறை தம்பியிடம் அழுகிற அழுகை இல்லை.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தைப் பார்த்தார். கோட்டைப் பார்க்கவில்லை. தாயின் பெயரில் விரலை வைத்தார். பத்தொன்பது வயதா என்று கேட்டார். ஓம் என்றேன். பிறகு குடிக்கணக்கைக் காட்டச் சொன்னார். கடைசி இரண்டு வரி, வேலைக்காரப் பெண், அவளுக்குக் கீழே பொடியன். நான் நூறு தரம் பார்த்த வரிகள்.

"ஐந்து வருஷம் கழித்தும் பிள்ளையைத் தன்னோடே வைத்திருக்கிறாள்," என்றார். அவருடைய இங்கிலீஷில் அது இன்னும் சின்ன வசனம். கொப்பியில் அந்தப் பெயரை எழுதிக்கொண்டு, "அப்படியென்றால் ஐயரை இவளுடைய பெயரைச் சொல்லச் சொல்லுங்கள்," என்றார்.

அந்தச் சிவப்பு வீட்டுப் படத்தைத் திரும்பக் கொண்டுபோகவில்லை. அவள் மாடு பார்த்த இடம்தானே என்றார். நான்தான் பேனரைக் கொண்டுபோய்த் தோட்டத்துக் கொட்டிலின் கூரையில் போட்டேன். பன்னிரண்டு நோர்வேக்காரப் பெரிய மனிசர் இன்றைக்கும் எங்கள் புல்லு வெட்டுகிற மெஷினை மழையில் நனையாமல் காக்கிறார்கள்.

ஐயர் லேசில் மசியவில்லை. பெண்ணுடைய பெயர் சொல்லும் வழக்கம் இல்லை, அது ஆண்வழி, வேண்டுமென்றால் அவருக்கும் ஒரு சாமியின் பெயரைப் போடுவோம், சிவன் இருக்கிறார் என்றார். எனக்கு ஆறு மாதத்துக் கோபமும் ஒன்றாக ஏறியது. என்மேல் இருந்த கோபத்தையும் சேர்த்து அவர்மேல் போட்டேன்.

"ஐயா, என்ர மகளுக்கு இல்லாத ஒரு பூட்டனை நீங்கள் சொல்லுவியள். உண்மையாய் இருந்து, பெத்து, வளத்த ஒரு பொம்பிளையைச் சொல்ல ஏலாதோ?"

ஐயர் போனில் செருமிக்கொண்டு, பெயரைத் தமிழில் பெரிதாய் எழுதி அனுப்புங்கோ, என்ர கண்ணாடி பழசு என்றார்.

கல்யாணத்தன்று மண்டபம் நிறைந்த சனம். மச்சாள் முன்வரிசையில், தாலி கட்டும்போது தூவவென்று தட்டத்தில் சுற்றிவந்த அறுகரிசியைக் கை நிறைய அள்ளிப் பொத்திக்கொண்டு இருந்தாள். சம்பந்திக்கு வேட்டி கட்டிவிட்டு, அவிழாமலிருக்க இடுப்புப் பட்டியும் போட்டிருந்தோம். கன்னிகாதானம் தொடங்கியது. ஐயர் கடதாசியைத் தூரமாய்ப் பிடித்து, கிட்டப் பிடித்து, சமஸ்கிருதத்துக்கு நடுவில் அந்த நோர்வேப் பெண்ணின் பெயரைச் சொன்னார். சும்மா சொல்லக்கூடாது, சுத்தமாகச் சொன்னார்.

சம்பந்தி எழும்பி நின்றார். ஏன் என்று பிறகு கேட்டேன், அவருக்கே தெரியவில்லை. அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லித் தான் கேட்டது அதுதான் முதல் தடவை, இருந்துகொண்டு கேட்க முடியவில்லை என்றார். கைகளைப் பக்கத்தில் வைத்து, நேராக, அந்த முழங்கால்களோடு நின்றார்.

மாப்பிள்ளையின் தகப்பன் எழும்பினால் சனம் என்ன நினைக்கும்? தாலி கட்டுகிற நேரம் வந்துவிட்டது என்று முன்வரிசை எழும்பியது. முன்வரிசை எழும்ப மண்டபம் முழுக்க எழும்பியது. மேளக்காரர் பிந்திவிட்டோம் என்று பதறிக் கெட்டிமேளத்தை முழக்கினார். நாலு பக்கமும் இருந்து அரிசி பறந்தது. ஐயர் இரண்டு கையையும் ஆட்டி நிறுத்து, நிறுத்து என்று கத்தியது ஒருவருக்கும் கேட்கவில்லை. மாப்பிள்ளை ஒன்றும் விளங்காமல் சிரித்தார், என் மகளின் தலை வெள்ளையாகிவிட்டது, சம்பந்தி கண்ணைத் துடைக்காமல் அப்படியே நின்றார்.

மச்சாள் மட்டும்தான் மேடையைச் சரியாகப் பார்த்தவள். அரிசியை எறியாமல் கையைப் பொத்தியபடி என் காதுக்குள் வந்தாள்.

"தாலி இன்னும் கட்டேல்லையேடி. ஆருக்கு இந்தக் கெட்டிமேளம்?"

ஆறு மாதமாக அவளுக்குச் சொன்ன நிலபுலம், வளவு, பன்னிரண்டு தலைமுறை எல்லாம் என் வாயில் வந்து நின்றன. எல்லாவற்றையும் விழுங்கினேன்.

"மாப்பிள்ளையின்ர பூட்டிக்கு. மாடு பாத்த பெட்டை, மச்சாள். அவளுக்கு ஒருத்தரும் தாலி கட்டேல்லை."

மச்சாள் என்னைப் பார்த்தாள். சம்பந்தியைப் பார்த்தாள். பிறகு முன்னுக்குப் போய், பொத்தியிருந்த கையை விரித்து, அவ்வளவு அரிசியையும் அவருடைய தலையில் போட்டாள்.